இரண்டாம் நிரலில் பத்து இலக்கம்

பர்ஸானா மிஸ் என்னிடம் கேட்டது வேறு. எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்துக்குப் புதுப் பொறுப்பாளராக வந்திருக்கும் அவர், ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். உப்புக் காற்றில் மெஷின்களை இத்தனை வருஷம் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று எழுதுங்கள், பின்னால் வருபவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்றார். எழுத உட்கார்ந்தால், காப்பாற்றிய மெஷின் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. காப்பாற்றாமல் விட்ட ஒன்றுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் விருப்பம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மன்னாரில் ரேடியோ திருத்தும் கடையில் கையுதவியாக இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் முஸ்லிம்களான எங்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டியில் இறங்கி, கரைத்தீவில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் புகுந்தோம். முகாமில் ஜெனரேட்டர் திருத்தினேன், பிறகு டீவி, பிறகு கணினி. மதுரங்குளியிலிருந்து களப்புப் பக்கம் போகும் பாதையில் இந்த நிலையத்தைத் திறந்தபோது தொழில்நுட்ப உதவியாளர் என்று ஒரு கடிதம் தந்தார்கள். அதை வைத்துத்தான் பிள்ளைகளைக் கரைசேர்த்தேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் மனோன்மணி டீச்சர் எங்களுக்குப் பொறுப்பாளராக வந்தார். கணித ஆசிரியை. வன்னியிலிருந்து வந்தவர், அகதி முகாமில் இருந்துவிட்டு வந்தவர் என்று சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்களை வள்ளத்தில் ஏற்றி அனுப்பிய ஊர்க்காரர்களுக்குக் கீழே நான் வேலை செய்ய வேண்டுமா என்று வீட்டில் பொருமினேன். இரண்டு மாதம் அவருடன் வேலைக் கதை தவிர வேறு கதை கதைக்கவில்லை. கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி.

ஒருநாள் அவரே என் மேசைக்கு வந்தார். எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நானா என்று கூப்பிட்டார்.

"நயீம் நானா, நீங்கள் மன்னாராமே."

"ஓம், டீச்சர்."

"தொண்ணூறில நானும் மன்னாரிலதான் படிப்பிச்சனான். நீங்கள் எல்லாரும் கரைக்கு நடந்து போகேக்க நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்தனாங்கள். ஒருத்தரும் வெளியில வரேல்ல. அதை உங்களிட்டச் சொல்லோணும் எண்டு நினைச்சனான்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, நியாயமும் சொல்லவில்லை. இருபது வருஷமாக யாராவது ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்கக் காத்திருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கு முழுப் பதில் சொன்னேன்.

அடுத்த மாதம் அவர் ஒரு பழைய கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய ஒரே மகன் நிருபனின் கொப்பி. உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளை. யுத்தத்தின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கானைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அவனைப் படையினர் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒரு பெண் சொன்னாள். அதை வேறு யாரும் காணவில்லை. டீச்சர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை. கடைசியாக, மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், அதுதான் நல்லது என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். டீச்சர் அந்தப் படிவத்தை வாங்கிவந்து நிரப்பாமல் வைத்திருந்தார்.

கொப்பியில் இருந்தது முதன்மை எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றிப் பிரிபடாத எண்ணைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதிலும் அவன் தேடியது ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண்களை. 31 முதன்மை எண். 331 முதன்மை எண். 3331, 33331 என்று முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஏழு எண்கள் வரிசையாக முதன்மை எண்களாகவே வரும். இனி எப்போதும் அப்படித்தான் என்று மனம் நம்பும் நேரத்தில், எட்டாவது எண் பதினேழால் பிரிபட்டுப் போகும். அந்தப் பக்கத்தின் அடியில் நிருபன் 'ஏமாத்திட்டுது' என்று எழுதியிருந்தான். அதைப் படித்துக் காட்டும்போது டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

பையன் விடவில்லை. எட்டாவதோடு முடிந்தது என்று நினைத்த வரிசையில், எங்கோ தூரத்தில், பதினேழு மூன்றுக்குப் பிறகு ஒன்று வரும்போது திரும்பவும் ஒரு முதன்மை எண் கிடைக்கிறது. அதற்கு வட்டம் போட்டிருந்தான். பிறகு இன்னும் தூரம், இன்னும் சில வட்டங்கள். ஆயிரக்கணக்கான மூன்றுகள் கொண்ட எண்களைச் சோதிக்கத் தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது ஒரு சீடியில் இருந்தது. எட்டாயிரம் இலக்கத்துக்கு மேல், சிறிய எண்களால் பிரிபடாமல் தப்பிய எண்களின் நீளங்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தான். எண்பத்துச் சொச்சம் நீளங்கள். ஒன்றையும் ஓட்டிப் பார்க்க அவனுக்குக் காலம் கிடைக்கவில்லை.

"கழிச்சுப் போட்ட மெஷின் ரெண்டைத் திருத்தித் தருவீங்களோ? இதை முடிக்க வேணும்" என்றார் டீச்சர்.

"இப்ப இன்டர்நெட்டில இதுக்கெல்லாம் கெதியா ஓடுற புரோகிராம் இருக்கும், டீச்சர். உலகத்துல யாராவது கண்டுபிடிச்சும் இருப்பாங்க."

"இருக்கும். நான் பாக்க மாட்டன், நீங்களும் பாக்க வேண்டாம். இது அவன் எழுதினது. அதிலயே ஓடட்டும்."

அப்படித்தான் பின்பக்க அறையில் அந்த வேலை தொடங்கியது. அந்தச் சோதனை, எண்ணைப் பிரித்துப் பார்க்காது. எண்ணை வைத்து மிக நீண்ட பெருக்கல் ஒன்றைச் செய்து, கடைசியில் வரும் மீதியைப் பார்க்கும். மீதி ஒன்று என்று வந்தால் அது முதன்மை எண் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு எது வந்தாலும் இல்லை. ஏன் இல்லை, எந்த எண் அதைப் பிரிக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லாது. இல்லை என்பது மட்டும் தெரியும். இதை எனக்கு விளங்கப்படுத்திவிட்டு டீச்சர் கொப்பியை மூடினார். எண் என்றால் அந்தப் பதில் போதும், நானா என்றார்.

ஒரு எண்ணுக்கு ஐந்து, ஆறு நாள் பிடிக்கும். இடையில் மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பையனின் புரோகிராமில் பாதியில் சேமிக்கும் வழி இல்லை. அதனால் இரண்டு மெஷினுக்கும் பற்றரி வைத்தேன். பற்றரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என் பொறுப்பு. கடல் பக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் மெஷின் பெட்டியைத் துடைக்க வேண்டும். துடைத்த துணி நாக்கில் பட்டால் கரிக்கும்.

பதிவேடு டீச்சரின் ஏற்பாடு. பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று நிரலாகப் பிரித்து, ஓரத்தில் எண்ணின் நீளத்தைக் குறித்திருந்தார். முதல் நிரலில் ஒன்றாம் மெஷின் தந்த மீதியின் கடைசிப் பத்து இலக்கம், அதை டீச்சர் எழுதுவார். இரண்டாம் நிரலில் இரண்டாம் மெஷின் தந்தது, அதை நான் எழுத வேண்டும். எழுதும்போது முதல் நிரல் என் கண்ணில் படக் கூடாது. அதற்காக ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையை அளவாக வெட்டி முதல் நிரலின் மேல் வைத்திருந்தார். நான் எழுதி முடித்ததும் அவர் மட்டையைத் தூக்கி, இரண்டையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுவார். ஒத்திருந்தால் மூன்றாம் நிரலில் 'இல்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்து வைப்போம்.

"இல்லை எண்டு ஒரு மெஷின் சொன்னாக் காணாது. ரெண்டு சாட்சி வேணும்" என்பார்.

"எங்கட மார்க்கத்துலயும் சாட்சி ரெண்டுதான், டீச்சர்."

"அப்ப உங்களுக்குச் சுகம். புதுசாப் பழகத் தேவையில்லை."

ஒருமுறை நான், இதுவும் பெயில் என்று சொல்லிவிட்டேன். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. பெயில் எண்டு சொல்லாதீங்கோ, அது முதன்மை எண் இல்லை, அவ்வளவுதான், அதில ஒரு குறையும் இல்லை என்றார். அவர் கோபப்பட்டால் குரல் இறங்கும். அந்த இறங்கிய குரலுக்கு நான் என் வாப்பாவின் பிரம்பைவிடப் பயந்தேன்.

ஒன்றரை வருஷம் ஓட்டினோம். ஒருமுறைகூட இரண்டு நிரலும் மாறி வந்ததில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். எண்பது தரம் சரியாக வந்த ஒன்று எண்பத்தோராவது தரமும் சரியாகத்தான் வரும் என்று கைக்குப் பழகிவிடுகிறது. மூன்றுகளின் வரிசை நிருபனை ஏமாற்றிய அதே விதம்.

கொப்பியின் கடைசி நீளத்தை இரண்டு மெஷினிலும் ஏற்றிய கிழமை, மன்னாரிலிருந்து செய்தி வந்தது. வாப்பாவின் காணியில் வளர்ந்திருக்கும் காட்டை வெட்டித் துப்புரவாக்கி எல்லை காட்டாவிட்டால் அது கைவிட்டுப் போகும். நான் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். இரண்டாம் மெஷினின் பற்றரி பழசாகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திரும்பி வந்து பின்னறையைத் திறந்தால் ஒன்றாம் மெஷின் முடித்துவிட்டிருந்தது. இரண்டாம் மெஷின் செத்துக் கிடந்தது. நான் போன இரண்டாம் நாளே மின்சாரம் நின்றிருக்கிறது, பற்றரி தாங்கவில்லை. மூடிய அறைக்குள் அதை யாரும் கவனிக்கவில்லை. திரும்ப ஓட்ட இன்னும் ஆறு நாள் வேண்டும். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது டீச்சர் வாசலில் வந்து நின்றார். வழமைக்கு மாறாக நல்ல சேலை உடுத்தியிருந்தார். கையில் ஒரு கடதாசிக் கோவை இருந்தது.

"முடிஞ்சுதோ, நானா?"

"முடிஞ்சிச்சு, டீச்சர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பிறகு எனக்கு நானே இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன், பாவம் மனுஷி, இதோடு இந்தப் பாரம் இறங்கட்டும் என்று நினைத்ததாக. அது பொய். வெட்கம்தான். பற்றரியைப் பார்க்காமல் விட்டேன் என்று சொல்லி அந்தக் குரல் இறங்குவதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. டீச்சர் உள்ளே வந்து ஒன்றாம் மெஷினைப் பார்த்து முதல் நிரலை எழுதி மட்டையால் மூடினார், என் மெஷினின் பக்கம் அவர் எப்போதும் பார்ப்பதில்லை. அவர் முகம் கழுவப் போன நேரம், பிஸ்கட் மட்டையைத் தூக்கினேன். முதல் நிரலில் அவர் எழுதியிருந்த பத்து இலக்கத்தையும் பார்த்து இரண்டாம் நிரலில் எழுதினேன். மட்டையைத் திரும்ப வைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

அவர் வந்து மட்டையை எடுத்து, விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். பாதியான ஐந்தாவது இலக்கத்தில் வழமைபோலக் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தார். இல்லை என்று எழுதினார். கையெழுத்து வைத்தோம். எனக்கு அரைநாள் லீவு வேணும், நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டுக் கோவையை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வந்து அவராகவே சொன்னார். "படிவத்தில கையெழுத்து வெச்சுக் குடுத்திட்டன், நானா. அவன்ர கொப்பி முடியட்டும் எண்டு இருந்தனான். அதில ஒண்டெண்டாலும் வந்திருந்தா, அவன் எங்கயோ இருக்கிறான் எண்டு வெச்சுக்கொண்டு கையெழுத்து வைக்காமல் விடுறது எண்டு நேர்ந்து வெச்சிருந்தனான். கணக்குப் படிச்சவள் செய்யிற வேலை இல்லைத்தான். எனக்கு வேற வழி தெரியேல்ல."

எண்ணுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசிப்பவர்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லை என்பது எங்கள் எல்லோரையும்விட டீச்சருக்குத் தெரியும். ஆனால் சாமியிடமும் கந்தோரிடமும் கேட்டுக் களைத்தவர், பிள்ளை கைப்பட எழுதியதிடமே கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவன் நான். பொய்ச்சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று மதரசாவில் ஐந்து வயதில் படித்தவன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நூறு தடவை வாயெடுத்தேன். ஒன்றாம் மெஷின் இல்லை என்றுதானே சொன்னது, திரும்ப ஓட்டினாலும் அதுவேதான் வரும் என்று மனதை அடக்கினேன். ஓட்டிப் பார்க்கவும் பயந்தேன். சான்றிதழ் வந்தது. முன்னேஸ்வரத்திலிருந்து ஐயர் வந்து, சிலாபம் கடற்கரையில் செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை நடந்தது. கரைக்கச் சாம்பல் இல்லை. டீச்சர் அவனுடைய பள்ளிக்கூடச் சேட்டு ஒன்றைக் கடலில் விட்டார். அலை அதை இரண்டு தரம் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மூன்றாம் தரம் நான் தொப்பியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதை வாங்கிக்கொண்டு போய்த் தூரத்தில் விட்டேன். கரையில் நின்றவர்கள் என்னை நல்ல மனுஷன் என்றார்கள். அந்தத் தண்ணீருக்குள் நின்று நான் அழுதேன்.

டீச்சர் ஓய்வு பெற்றுச் சிலாபத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். பெருநாளுக்கு நான் வட்டிலப்பம் கொண்டுபோவேன், பொங்கலுக்கு அவர் சொல்லி அனுப்புவார். வருஷங்கள் போயின.

எனக்கு ஓய்வு கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, பின்னறையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது பர்ஸானா மிஸ் அந்தப் பதிவேட்டைக் கண்டார். என்ன இது என்று கேட்டார், சொன்னேன், என் பொய்யைத் தவிர. அவர் போனை எடுத்துத் தட்டினார்.

"சேர், இந்த வரிசைக்குப் பட்டியலே இருக்கு. எந்தெந்த நீளத்துல வருமெண்டு போட்டிருக்காங்க." பதிவேட்டின் கடைசி வரியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "இது இதுல இருக்கே. நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

கழித்து மூலையில் போட்டிருந்த ஒன்றாம் மெஷினைத் திறந்து, நினைவக அட்டையைக் கழற்றினேன். பற்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்பு. அது எப்போது ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடல் உப்பை அள்ளிவரும் அந்தக் கடைசிக் கச்சான் காற்றுக் காலத்தில் அந்த மெஷின் இரண்டு தடவை தானாக நின்றதும், நான் அதைத் தட்டி எழுப்பிவிட்டதும் நினைவுக்கு வந்தது. கெட்ட நினைவகம் எங்கோ ஒரு பெருக்கலில் ஓர் இலக்கத்தைப் பிழையாக்கினால் போதும், மீதி ஒன்று என்று வர வேண்டியது வேறு எதுவோ ஆகிவிடும். இரண்டாம் நிரல் இருப்பதே அதைப் பிடிப்பதற்குத்தான்.

புது மெஷினில் நிருபனின் புரோகிராமையே ஏற்றி ஓட்டினேன். ஒரே நாளில் முடிந்தது. மீதி 1. இன்னொரு மெஷினில் ஓட்டினேன். அதிலும் 1.

மறுநாள் பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிலாபத்துக்குப் போனேன். டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வைக்கட்டோ என்றார். வேண்டாம் என்றேன். உட்காராமலே சொன்னேன்.

"கடைசி நம்பருக்கு ரெண்டாம் மெஷினை நான் ஓட்டல்ல, டீச்சர். உங்கட நிரலைப் பாத்து எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரல் இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. "இப்ப ஓட்டினீங்களோ?" என்றார்.

"ரெண்டுல ஓட்டினேன்."

"என்ன மீதி?"

"ஒண்டு."

பதிவேட்டை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார். பேனாவை என்னிடம் தந்து, அழிக்க வேண்டாம், ஒரு கோடு இழுத்து வெட்டிப்போட்டு மேலே சரியானதை எழுதுங்கோ என்றார். வெட்டினேன், எழுதினேன், கையெழுத்து வைத்தேன். அவரும் வைத்தார்.

"அப்ப அது எப்பவும் இருந்திருக்கு" என்றார். "நாங்கள்தான் இல்லை எண்டு எழுதிப்போட்டம்."

"என்னை மன்னிச்சிருங்க, டீச்சர்."

"உங்கட எழுத்தை வெட்டியாச்சு, நானா. நான் படிவத்தில வெச்ச கையெழுத்தை எங்க போய் வெட்டுறது? ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ?"

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கும் அது ஒன்றுதான் செய்யக் கிடைத்தது. நேரே கந்தோருக்குப் போய், பதிவுப் பகுதியில் இருந்த லிகிதரிடம் விசாரித்தேன். வயதான மனுஷன், பொறுமையாகச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். காணாமல் போனவருக்குக் கொடுத்த மரணப் பதிவை நீக்கலாம், வழி இருக்கிறது. ஆனால் அந்த ஆள் தன் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும்.

திரும்பி வந்தேன். வழியில் ஏதாவது இலேசாகச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று புத்தி போனது. இல்லை, இனி முடியாது என்று நினைத்து, லிகிதர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கொண்டார். எழுந்து அலுமாரியைத் திறந்து, தண்ணீருக்குப் போன அன்று நிருபன் விட்டுப்போன அடையாள அட்டையை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து மேசையில் வைத்தார்.

"கந்தோர் எத்தினை மணிக்குத் திறப்பினம் எண்டு கேட்டனீங்களோ, நானா?"

எட்டரைக்கு என்றேன்.